கெல்பி: குதிரை கொடுத்து வாங்கிய குட்டியும் அதன் பெயரும்

கம்பளி வெட்டும் கொட்டகையின் வாசலில் சில நூறு செம்மறி ஆடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. முன்னால் நிற்கும் ஆடு உள்ளே கால் வைக்கத் தயங்குகிறது. அது நகராததால் பின்னால் நிற்பவையும் நகரவில்லை. ஆள் உள்ளே நுழைய இடமில்லை. அப்போது ஒரு சீழ்க்கைச் சத்தம் கேட்கிறது. பின்பக்கத்தில் இருந்த மெலிந்த, நிமிர்ந்த காதுகள் கொண்ட நாய் ஒன்று எம்பிக் குதித்து, ஆடுகளின் முதுகுகளின் மேலேயே நடைபாதையில் ஓடுவதுபோல் ஓடி, அடைப்பு விழுந்த இடத்துக்குப் போய் இறங்கி ஒரு குரைப்புக் குரைக்கிறது. தேங்கி நின்ற மந்தை தண்ணீர் திறந்துவிட்டதுபோல் உள்ளே ஓடுகிறது. ஓர் ஆட்டுக்கும் காயம் இல்லை.

இந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "அது என்ன நாய்? நம்மூரில் வளர்க்கலாமா?" என்று கேட்பவர்கள் பெருகி வருகிறார்கள். அந்த நாயின் பெயர் ஆஸ்திரேலியக் கெல்பி. ஆடு மேய்ப்பதற்காகவே ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட இனம். அது உருவான கதையிலும், அதற்குப் பெயர் வந்த விதத்திலும், அதை வைத்து அந்நாட்டு விவசாயிகள் போடும் வரவு செலவுக் கணக்கிலும் ஆடு வளர்க்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன.

ஆள் பஞ்சத்தில் பிறந்த நாய்

ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறிய தொடக்க காலத்தில் ஆடு மேய்ப்பு நமக்குப் பழக்கமான முறையில்தான் நடந்தது. சில நூறு ஆடுகளுக்கு ஒரு மேய்ப்பன். பகலில் மந்தையோடு நடப்பான். இரவில் மரத்தடுப்புப் பட்டியில் அடைத்துக் காவல் இருப்பான். அப்படி வேலை செய்தவர்களில் பலர் பிரிட்டனிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். கூலி குறைவு என்பதால் ஆள் வைத்து மேய்ப்பது பண்ணைக்காரர்களுக்குக் கட்டுப்படியானது.

1851-இல் விக்டோரியா மாகாணத்தில் தங்கம் கிடைத்தது. மேய்ப்பர்கள் கோலைக் கீழே போட்டுவிட்டுத் தங்கம் தோண்டப் போய்விட்டார்கள். பட்டியில் ஆடு இருந்தது, மேய்க்க ஆள் இல்லை. பண்ணைக்காரர்கள் வேறு வழியின்றி நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு ஆடுகளை உள்ளே விட்டுவிட்டார்கள். வேலி மேய்ப்பனின் வேலையில் ஒரு பாதியைச் செய்தது. மறு பாதி மிச்சம் இருந்தது. கம்பளி வெட்டவும், குட்டிகளைப் பிரிக்கவும், வேறு நிலத்துக்கு மாற்றவும், பரந்த காட்டில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான ஆடுகளை ஒன்று சேர்த்துக் கொண்டுவர வேண்டும். குதிரையில் போகும் ஒருவரால் மட்டும் அது முடியாது.

ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் தங்களோடு கோலி வகை மேய்ச்சல் நாய்களைக் கொண்டுவந்திருந்தார்கள். அவை கெட்டிக்கார நாய்கள்தாம். ஆனால் குளிர்ந்த மலைச்சரிவில் பழகியவை. ஆஸ்திரேலியாவின் வெயில், புழுதி, முள், நெடுந்தூரம் இவற்றுக்கு ஈடு கொடுக்கும் நாய் தேவைப்பட்டது. கண்ணுக்கு எட்டாத தூரத்தில், எஜமானின் சைகை தெரியாத இடத்தில், தானே யோசித்து வேலை செய்யும் நாய் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்குக் கிடைத்த விடைதான் கெல்பி.

குதிரைக்கு ஒரு குட்டி

விக்டோரியாவின் மேற்குப் பகுதியில், க்ளெனெல்க் ஆற்றை ஒட்டி காஸ்டர்டன் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அதன் அருகே வாராக் என்ற பண்ணை. அதன் உரிமையாளர் ஜார்ஜ் ராபர்ட்சன், ஸ்காட்லாந்துக்காரர். நல்ல கோலி நாய்களை வைத்திருந்தவர். 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருடைய பண்ணையில் ஓர் ஈற்றில் கருப்பும் பழுப்பும் கலந்த, தொங்கு காது கொண்ட ஒரு பெட்டைக் குட்டி பிறந்தது. அக்கம்பக்கப் பண்ணையில் வேலை பார்த்த ஜாக் க்ளீசன் என்ற இளைஞருக்கு அந்தக் குட்டி மேல் கண் விழுந்தது.

ராபர்ட்சன் பெட்டைக் குட்டிகளை வெளியில் கொடுப்பதில்லை என்று அப்பகுதியில் சொல்வார்கள். இதில் வியப்பில்லை. நல்ல பெட்டை கைவிட்டுப் போனால் வம்சமே கைவிட்டுப் போகும் என்பது எந்த ஊர் ஆட்டுக்காரருக்கும் தெரியும். இருந்தாலும், இரவு நேரத்தில் ஆற்றங்கரையில் வைத்து, தன் சவாரிக் குதிரையைக் கொடுத்துவிட்டு க்ளீசன் அந்தக் குட்டியை வாங்கிக்கொண்டார் என்பது காஸ்டர்டனில் இன்றும் சொல்லப்படும் கதை. அந்தக் காலத்தில் பண்ணைத் தொழிலாளிக்குக் குதிரை என்பது காலும் கையும் போன்றது. அதைக் கொடுத்து இன்னும் வேலை பழகாத ஒரு நாய்க்குட்டியை வாங்கினார் என்றால், அந்தக் குட்டியில் அவர் எதையோ கண்டிருக்க வேண்டும்.

பெயருக்குப் பின்னால் ஒரு நீர்ப்பேய்

வாங்கிய குட்டிக்கு க்ளீசன் வைத்த பெயர் 'கெல்பி'. இது ஸ்காட்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் ஒரு நீர்ப்பேயின் பெயர். ஆற்றிலும் ஏரியிலும் வசிக்கும். நினைத்த உருவம் எடுக்கும். பெரும்பாலும் அழகான குதிரையாகக் கரையில் வந்து நிற்கும். ஆசைப்பட்டு யாராவது ஏறி உட்கார்ந்தால் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆற்றங்கரையில் தனியாகப் போகக் கூடாது என்று குழந்தைகளைப் பயமுறுத்த நம் ஊரில் முனி கதை சொல்வதுபோல, அங்கே கெல்பி கதை சொல்வார்கள்.

ஆற்றங்கரையில், குதிரையைக் கொடுத்து வாங்கிய குட்டிக்குக் குதிரை உருவில் ஆற்றில் வாழும் பேயின் பெயர். கதை முழுவதும் உண்மையோ, பாதி உண்மையோ, பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இப்போது இங்கே நின்றது, அடுத்த நொடி மந்தையின் மறுபக்கம் நிற்கும் நாய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது கடினம்.

ஒரு நாயின் பெயர் இனத்தின் பெயரானது

க்ளீசன் தன் நாயுடன் வடக்கே நியூ சவுத் வேல்ஸ் பகுதிக்கு வேலைக்குப் போனார். அங்கே அவருக்கு 'மோஸ்' என்ற கருப்பு ஆண் நாய் கிடைத்தது. கெல்பியும் மோஸும் சேர்ந்து நல்ல வேலைக்காரக் குட்டிகளைக் கொடுத்தன. பிறகு ஸ்காட்லாந்திலிருந்து இறக்குமதியான ஒரு ஜோடிக்குப் பிறந்த 'சீசர்' என்ற நாயுடன் கெல்பி இணை சேர்ந்தது. அந்த ஈற்றில் பிறந்த ஒரு பெட்டைக் குட்டி சார்லஸ் கிங் என்பவரிடம் போனது. அதற்கும் தாயின் பெயரையே வைத்து 'கிங்கின் கெல்பி' என்று அழைத்தார்கள்.

1879-இல் ஃபோர்ப்ஸ் என்ற ஊரில் மேய்ச்சல் நாய்களுக்கான போட்டி நடந்தது. அதில் கிங்கின் கெல்பி மற்றொரு நாயுடன் சேர்ந்து சமமாக முதலிடம் பெற்றது. அவ்வளவுதான், ஊர் ஊராகப் பேச்சுப் பரவியது. எல்லோரும் 'கெல்பியின் குட்டி' கேட்டு வந்தார்கள். 'கெல்பியின் குட்டிகள்' என்று சொல்லிச் சொல்லி, நாளடைவில் 'கெல்பிகள்' என்றாகி, ஒரு நாயின் பெயர் ஓர் இனத்தின் பெயராக நிலைத்துவிட்டது. இனத்துக்கான இலக்கணத்தை ராபர்ட் கலெஸ்கி என்பவர் 1904-இல் எழுதி வெளியிட்டார். வேலை பெயரெடுத்துக் கால் நூற்றாண்டு கழித்துத்தான் இலக்கணம் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே இனத்தில் இன்னொரு பெயரும் உண்டு. முழுக்கருப்பு நிறக் கெல்பிகளை 'பார்ப்' என்பார்கள். 1866-இல் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்தில் வென்ற கருங்குதிரையின் பெயர் 'தி பார்ப்'. கருப்பாகப் பிறந்த ஒரு குட்டிக்கு அந்தக் குதிரையின் பெயரை வைக்க, பிறகு வந்த கருப்புக் குட்டிகளுக்கெல்லாம் அதுவே பெயரானது. ஆக, இங்கேயும் ஒரு குதிரை நுழைந்துவிட்டது.

டிங்கோ கலப்பு உண்டா?

கெல்பியின் நிமிர்ந்த காதையும் செம்பழுப்பு நிறத்தையும் பார்த்தவர்கள், இது ஆஸ்திரேலியக் காட்டு நாயான டிங்கோவின் கலப்பு என்று நீண்ட காலமாகச் சொல்லி வந்தார்கள். வெயிலையும் தாகத்தையும் தாங்கும் குணம் காட்டு ரத்தத்திலிருந்து வந்தது என்பது நம்பிக்கை. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட மரபணு ஆய்வில், கெல்பியின் காதுக்கும் நிறத்துக்கும் காரணமான மரபணுக்களில் டிங்கோவின் தடயம் எதுவும் தென்படவில்லை. கெல்பியின் திறமை காட்டிலிருந்து வந்ததில்லை. நல்ல வேலை செய்யும் நாயை நல்ல வேலை செய்யும் நாயோடு சேர்த்து, வேலைக்கு ஆகாததைக் கழித்து, தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் செய்த தேர்வுதான் அது. கால்நடை வளர்ப்பில் மந்திரம் என்று எதுவும் கிடையாது. தேர்வுதான் மந்திரம்.

உடலும் குணமும்

ஆண் கெல்பி 46 முதல் 51 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். பெட்டை 43 முதல் 48 சென்டிமீட்டர். எடை பெரும்பாலும் 14 முதல் 20 கிலோவுக்குள். நடுத்தர உடல், குட்டை ரோமம், இறுகிய பாதம். நிறம் கருப்பு, சிவப்பு, கருநீலச் சாம்பல், வெளிர் பழுப்பு எனப் பலவகை. வேலை நாய் வளர்ப்பவர்கள் நிறத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. கண்காட்சிக்கு வளர்க்கும் கெல்பி தனிக் கிளையாகவே போய்விட்டது. அழகுக்குத் தேர்ந்தெடுத்ததும் வேலைக்குத் தேர்ந்தெடுத்ததும் இன்று பார்வைக்கே வேறுபட்டுத் தெரிகின்றன.

ஓட்டத்துக்கு இது ஓயாது. ஆடு திரட்டும் நாளில் 60 கிலோமீட்டர் வரை ஓடும் என்று அந்நாட்டுப் பண்ணைக்காரர்கள் சொல்வதுண்டு. வெயில் ஏறியதும் தண்ணீர்த் தொட்டியில் பாய்ந்து உடலை நனைத்துக்கொண்டு மறுபடி ஓடும். இந்தத் துடிப்பு பண்ணையில் வரம். மற்ற இடத்தில் அதுவே தலைவலி.

எப்படி மேய்க்கிறது?

நாயின் மூதாதை ஓநாய். ஓநாய் இரையைத் தேடும், உற்றுப் பார்க்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கடிக்கும், கொல்லும். மேய்ச்சல் நாயில் இந்த வரிசையின் முதல் நான்கு படிகளை வளர்த்து, கடைசி இரண்டையும் மழுங்கச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் கெல்பி ஆட்டைச் சுற்றி ஓடுகிறது, ஆனால் பிடித்துக் குதறுவதில்லை.

ஆட்டின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வோர் ஆட்டுக்கும் 'இதற்கு மேல் எதிரி நெருங்கக் கூடாது' என்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் நாய் கால் வைத்தால் ஆடு விலகி நகரும். எல்லைக்கு வெளியே நின்றால் நின்று பார்க்கும். ஆழமாக உள்ளே புகுந்தால் பயந்து சிதறும். நல்ல நாய் அந்த எல்லையின் விளிம்பிலேயே வேலை செய்யும். ஆட்டின் தோள்பட்டைக்குப் பின்னால் நாய் நின்றால் ஆடு முன்னே போகும். தோளுக்கு முன்னால் வந்தால் நிற்கும் அல்லது திரும்பும். பயந்த ஆடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்று இயல்புகளையும் வைத்துத்தான் ஒரு நாய் ஆயிரம் ஆடுகளை நகர்த்துகிறது.

சொல் கிடைத்ததும் கெல்பி மந்தையை நோக்கி நேராக ஓடாது. அகன்ற வட்டமாகச் சுற்றி மந்தைக்குப் பின்னால் போகும். அங்கே வேகத்தைக் குறைத்து நிதானமாக முன்னேறும். ஆடுகள் எஜமான் நிற்கும் திசையில் நகரும். ஓரத்தில் ஏதாவது பிரிந்தால் அந்தப் பக்கம் போய்ச் சேர்த்துவிட்டு மறுபடி பின்னால் வரும்.

இங்கிலாந்து - ஸ்காட்லாந்து எல்லையில் உருவான பார்டர் கோலி நாய் உடலைத் தாழ்த்தி, கண்ணால் முறைத்தே ஆட்டை நிறுத்தும். கெல்பிக்கு அந்த முறைப்பு பொதுவாகக் குறைவு. நிமிர்ந்து நின்று, ஓட்டத்தாலும், வேண்டியபோது குரைப்பாலும் வேலை வாங்கும். அதனால் திறந்தவெளியில் மட்டுமல்லாமல், பட்டிக்குள்ளும், லாரியில் ஏற்றும் இடத்திலும், கம்பளி வெட்டும் கொட்டகையிலும் கெல்பி பயன்படுகிறது. ஆடுகளின் முதுகின் மேல் ஓடுவது இந்த இனத்தின் பெயர் சொல்லும் வேலை. மாடு, வெள்ளாடு, வாத்து என்று எதைக் கொடுத்தாலும் திரட்டப் பார்க்கும்.

பழக்கும் முறை

ஆட்டைச் சுற்றும் ஆசை குட்டியிலேயே தெரிந்துவிடும். ஆனால் ஆசை வேறு, வேலை வேறு. குட்டிப் பருவத்தில் பெயர் சொன்னால் திரும்புவது, கூப்பிட்டால் வருவது, சொன்னால் நிற்பது, கட்டினால் அமைதியாக இருப்பது ஆகியவற்றை மட்டும் பழக்குவார்கள். ஆட்டோடு முறையான பழக்கம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல்தான். ஆட்டை முந்தி ஓடும் அளவுக்குக் கால் வலு வராத குட்டியை மந்தையில் விட்டால், ஆடு முட்டிப் பயந்துபோகும். அல்லது ஆட்டைத் துரத்திக்கொண்டே ஓடக் கற்றுக்கொள்ளும். இரண்டுமே பிறகு திருத்தக் கடினமானவை.

முதலில் சிறிய வட்டப் பட்டியில் நாய்க்குப் பழகிய நாலைந்து சாதுவான ஆடுகளோடு தொடங்குவார்கள். பாடம் சில நிமிடங்கள்தான். நாய் சோர்வதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். முதல் கட்டளை 'போ' அல்ல, 'நில்'. நிறுத்தத் தெரியாத நாய் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஆட்டுக்காரருக்குப் பயன் இல்லை. அதன் பிறகு இடம், வலம், திரும்பி வா. தூரத்தில் இருக்கும்போது குரல் எட்டாது என்பதால் இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சீழ்க்கை பழக்குவார்கள்.

கணக்குப் பார்த்தால்

நாய் வளர்ப்பு லாபமா நட்டமா என்று சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். 800-க்கும் மேற்பட்ட மேய்ச்சல் நாய் உரிமையாளர்களிடம் விவரம் கேட்டார்கள். ஒரு மேய்ச்சல் நாய்க்கு அதன் வாழ்நாளில் வாங்கும் விலை, தீவனம், மருத்துவம், பழக்கும் நேரம் எல்லாம் சேர்த்து ஆகும் செலவு நடுத்தரமாக 7,763 ஆஸ்திரேலிய டாலர். அதே நாய் செய்யும் வேலையின் மதிப்பு நடுத்தரமாக 40,000 டாலர். போட்ட முதலுக்கு 5 மடங்குக்கும் சற்று மேலே திரும்பக் கிடைக்கிறது. அந்நாட்டில் ஒரு குடும்பமே ஆயிரக்கணக்கான ஆடுகளைப் பராமரிக்க முடிவதற்குக் கம்பி வேலி ஒரு காரணம் என்றால், நாய் மறு காரணம்.

அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். வேலைக்கென்று வாங்கும் நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தேறாமல் போகிறது. இனம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, எல்லாக் குட்டியும் தேறாது என்பதற்கு இது சாட்சி. அதனால்தான் பழக்கி முடித்த நாய்க்கு விலை அதிகம். காஸ்டர்டனில் ஆண்டுதோறும் கெல்பித் திருவிழா நடக்கிறது. ஓட்டம், உயரம் தாண்டுதல், மேடேறுதல் என்று நாய்களுக்குப் போட்டிகள். கூடவே பழக்கிய நாய்களின் ஏலம். 2021-இல் அங்கே 'ஹூவர்' என்ற கெல்பி 35,200 ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் போனது. ஒரு காலத்தில் ஒரு குதிரைக்கு மாற்றிய ஊரில்தான் இந்த விலை.

வேலை இல்லாத கெல்பி

பண்ணையில் தேறாத நாயும், அழகுக்காக வாங்கிய குட்டியும் ஆஸ்திரேலிய நகரங்களில் வீட்டு நாயாக வளர்கின்றன. தேறுகிறவை உண்டு. ஆனால் பல வீடுகளில் நடப்பது வேறு. காலையில் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். நாள் முழுக்க ஓடப் பிறந்த நாய் சிறிய முற்றத்தில் கிடக்கிறது. செருப்பைக் கடிக்கிறது, மண்ணைத் தோண்டுகிறது, வேலியைத் தாண்டுகிறது, சைக்கிளையும் காரையும் ஓடும் குழந்தைகளையும் 'மேய்க்க'ப் பார்க்கிறது. கடைசியில் 'அடங்காத நாய்' என்று பெயர் வாங்கிக் காப்பகத்துக்குப் போகிறது. குற்றம் நாயுடையது இல்லை. கடப்பாரையை வாங்கி வந்து, அது தையல் வேலை செய்யவில்லை என்று கோபித்துக்கொள்வது போன்றது இது.

பரம்பரை நோய் ஒன்றும் இந்த இனத்தில் உண்டு. சிறுமூளை தேய்ந்து குட்டி தள்ளாடி நடக்கும். தாய், தந்தை இரண்டும் வெளியே தெரியாமல் அந்தக் குறையைச் சுமந்தால்தான் குட்டிக்கு வரும். நெருங்கிய உறவில் இணை சேர்த்தால் இது வெளிப்படும் வாய்ப்பு கூடும். ஆட்டுக்கிடாயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதன் காரணம் நாய்க்கும் பொருந்தும்.

குடலை நாய்க்குப் போடாதீர்கள்

மேய்ச்சல் நாயை வைத்து ஆஸ்திரேலியா கற்றுக்கொண்ட கசப்பான பாடம் ஒன்று நம் ஆட்டுக்காரர்களுக்கும் அப்படியே பொருந்தும். ஆடு அறுக்கும்போது ஈரல், நுரையீரல், குடல் ஆகியவற்றைப் பச்சையாக நாய்க்கு வீசுவது எங்கும் உள்ள பழக்கம். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் தண்ணீர் நிறைந்த கட்டிகள் இருக்கும். இவை ஹைடாடிட் கட்டிகள். இதைத் தின்ற நாயின் குடலில் ஓர் அரிசி நீளம்கூட இல்லாத நாடாப்புழுக்கள் ஆயிரக்கணக்கில் வளரும். நாய்க்கு நோய் தெரியாது. ஆனால் அதன் சாணத்தில் புழுவின் முட்டைகள் வெளிவரும். புல்லோடு ஆடு தின்றால் ஆட்டுக்குக் கட்டி வரும். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சாப்பிட்டால் மனிதருக்கு வரும். கட்டி பல ஆண்டுகள் மெதுவாக வளர்ந்து, அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும். முற்றத்தில் நாயோடு விளையாடும் குழந்தைகள்தான் எளிதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

டாஸ்மேனியா மாநிலத்தில் 1960-களில் இதற்கெதிராக ஒரு பெரும் இயக்கம் தொடங்கினார்கள். நாய்க்குப் பச்சை உள்ளுறுப்பு போடுவதை நிறுத்தினார்கள். எல்லா நாய்களுக்கும் புழு நீக்கம் செய்தார்கள். 1996-இல் அந்த மாநிலம் இந்நோயிலிருந்து விடுபட்டதாகத் தற்காலிகமாக அறிவிக்கப்பட்டது. செலவு பெரிதல்ல, கட்டுப்பாடுதான் பெரிது. இந்த நோய் நம் நாட்டிலும் இருக்கிறது. எனவே நாய் எந்த இனமாக இருந்தாலும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

• ஆட்டின் உள்ளுறுப்புகளைப் பச்சையாக நாய்க்குப் போடக் கூடாது. போட வேண்டுமென்றால் அரை மணி நேரத்துக்கு மேல் நன்றாகக் கொதிக்க வைத்துப் போட வேண்டும்.

• கழிவுகளையும் இறந்த ஆட்டையும் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும்.

• பிராசிகுவாண்டல் கலந்த புழு மருந்தைக் கால்நடை மருத்துவரைக் கேட்டு, நாயின் எடைக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும். உள்ளுறுப்பு தின்ன வாய்ப்புள்ள பண்ணை நாய்களுக்கு ஆஸ்திரேலியாவில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். புழு முட்டையிடும் பருவத்துக்கு வளர ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகும் என்பதே காரணம்.

• நாயைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தைக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: கெல்பி இருந்தால் இரவில் பட்டிக்குக் காவல் தேவையில்லையா?

பதில்: தேவை. மேய்க்கும் நாய் வேறு, காக்கும் நாய் வேறு. மேய்க்கும் நாயைக் கண்டு ஆடு விலகி ஓட வேண்டும். காக்கும் நாயோடு ஆடு ஒட்டிப் படுக்க வேண்டும். இரண்டு வேலையும் ஒரே நாயிடம் எதிர்பார்க்க முடியாது. ஆஸ்திரேலியாவில் நரி, டிங்கோவிடமிருந்து ஆடுகளைக் காக்க இத்தாலியிலிருந்து வந்த மரெம்மா போன்ற பெரிய நாய்களைக் குட்டியிலிருந்தே ஆட்டோடு வளர்க்கிறார்கள்.

கேள்வி: இருபது, முப்பது ஆடு வைத்திருக்கிறோம். ஒரு கெல்பிக் குட்டி வாங்கினால் ஆள் கூலி மிச்சமாகுமா?

பதில்: கெல்பியின் லாபக் கணக்கு வேலியடைத்த பெரிய நிலத்தில், நூற்றுக்கணக்கான ஆடுகளைத் திரட்டும் வேலையில் வருவது. இருபது ஆடு குரலுக்கே திரும்பும். அவற்றை மேய்ச்சலின்போது பயிரில் இறங்காமல் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தே ஆக வேண்டும். பழக்கத் தெரியாத கையில் கெல்பி சினை ஆடுகளை ஓட ஓட விரட்டும். அதனால் கரு கலைந்தால் நாய் விலையைவிட நட்டம் பெரிது. ஆடு திரட்டும் வேலையும், தினமும் பழக்க நேரமும் இல்லாதவர் இந்த இனத்தை வாங்காமல் இருப்பதே நாய்க்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது.

கேள்வி: எங்களிடம் இருக்கும் நாட்டு நாயைப் பழக்க முடியாதா?

பதில்: மந்தையைச் சுற்றி வளைக்கும் குணம் பிறவியில் இருந்தால்தான் கெல்பி செய்யும் வேலை வரும். அதை நாட்டு நாயிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ஆட்டோடு வளர்ந்த நாட்டு நாய் அயலாரைக் கண்டால் குரைத்து எச்சரிக்கும், பட்டியை விட்டு நகராது, நம் வெயிலையும் தாங்கும். கூப்பிட்டால் வருவது, சொன்னால் நிற்பது, ஆட்டைத் துரத்தாமல் இருப்பது ஆகிய மூன்றையும் குட்டியிலேயே பழக்கினால் சிறு மந்தைக்கு அதுவே போதும். வெறிநாய்த் தடுப்பூசியும் புழு நீக்கமும் தவறாமல் செய்யுங்கள்.

கேள்வி: நல்ல குட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயையும் தந்தையையும் வேலை செய்யும்போது பாருங்கள். க்ளீசன் வாங்கிய குட்டிக்குப் பதிவுச் சான்றிதழ் எதுவும் கிடையாது. அது எந்தப் பண்ணையில், எந்த நாய்களுக்குப் பிறந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆட்டுக்குட்டி வாங்கும்போது தாயின் மடியைப் பார்ப்பதுபோல, நாய்க்குட்டி வாங்கும்போது தாயின் வேலையைப் பார்க்க வேண்டும்.